நாற்பத்து நான்காவது துணிக்கொடி

பெரிய அறையின் நடுவே ஒரு பழைய படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் மேஜை, கம்ப்யூட்டர், பிரிண்டர், பார்சல் டேப், குமிழி பிளாஸ்டிக் சுருள். அந்தப் பக்கம் படம் நிறுத்தும் ஈசல், வண்ண ட்யூப்கள், டர்பன்டைன். விரிப்புக்கு வாடையைத் தடுக்கும் சக்தி கிடையாது. அவள் அனுப்பிய கடிதமெல்லாம் டர்பன்டைன் மணந்தது.

காலை எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை அந்தப் பக்கம். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை இந்தப் பக்கம். இது மகள் போட்டுக் கொடுத்த அட்டவணை. மகள் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். டிரான்ஸ்பார்மர் செய்யும் கம்பெனியில் வேலை. எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் அவளுக்குப் புரியும்.

"அம்மா, ரெண்டையும் கலக்காதே. கலந்தா ரெண்டுமே ட்ரிப் ஆயிடும்."

"நான் என்ன மிக்சியா, ட்ரிப் ஆக?"

அட்டவணை ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. உலகம் பத்து மணிக்குத்தான் போன் செய்கிறது. ஃபிரேம் கடைக்காரர் பத்து மணிக்குக் கேட்பார், கறுப்புச் சட்டமா மரச் சட்டமா என்று. கூரியர்காரர் பத்தேகாலுக்குக் கதவைத் தட்டுவார். கையில் தூரிகையோடு கதவைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, அந்தக் காகிதத்தில் நீலத்தை ஈஷிவிட்டு, திரும்பி வந்து ஈசல் முன் நின்றால், எந்த நீலத்தைக் கலந்துகொண்டிருந்தோம் என்பது மறந்துபோயிருக்கும்.

இதில் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. மேஜை அவளுக்குப் பிடிக்கும். கடிதம் எழுதினால் எழுதியாயிற்று. பார்சல் கட்டினால் கட்டியாயிற்று. பட்டியலில் ஒரு டிக் போடலாம். ஈசலில் டிக் போட எதுவுமே கிடைக்காது. படம் மக்கர் செய்யும் நாட்களில் ஒன்பதரைக்கே திரையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவாள். கேட்டால், "வேலை தலைக்கு மேல கிடக்கு" என்பாள். யாரும் அதில் குறை சொல்ல முடியாது. வேலை நிஜமாகவே தலைக்கு மேல்தான் கிடந்தது.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் போய்ப் பதினோரு வருடம். அதற்கு முன் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கோடு போட்டவள். அவர் போன பிறகு வேலையை விட்டாள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு கொடியில் ஏழு துணி காய்ந்துகொண்டிருந்தது. அதை வரைந்தாள். ஒரு கேலரியின் கூட்டுக் கண்காட்சியில் மூலையில் தொங்கவிட்டார்கள். முதல் நாள் சாயங்காலமே விற்றுவிட்டது.

கேலரிக்காரர் மறுநாள் போன் செய்தார். "அக்கா, துணி நல்லாப் போகுது. இன்னும் ரெண்டு துணி இருந்தா குடுங்க."

"ஜவுளிக்கடை மாதிரி கேக்கறீங்களே தம்பி."

"கடைதானே அக்கா இதுவும்."

ரெண்டு கொடுத்தாள். பிறகு நாலு. ஒன்பது வருடம். சிவப்புச் சட்டை காயும் கொடி, மழைக்கு முன் கொடி, காற்றில் எல்லாம் ஒரே பக்கம் பறக்கும் கொடி. அவள் பெயர் துணிக்கொடி அக்கா என்று ஆனது. கேலரியில் அப்படித்தான் சொன்னார்கள். ஃபிரேம் கடையில் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். கூரியர்காரர் அதைச் சுருக்கி, தெருமுனையிலேயே "துணி அக்கா வீடு எது" என்று விசாரிப்பார். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அதைக் கேட்டுவிட்டு, ஒருநாள் ஒரு மூட்டையோடு மேலே வந்தார்.

"இஸ்திரி போட்டுத் தருவீங்கன்னாங்க."

"காயப்போடறதோட சரி," என்றாள்.

கேலரிக்காரர் ஒருமுறை நூற்றைம்பது சொல்லில் ஒரு குறிப்பு கேட்டார். ஏன் துணி, துணியில் அவள் என்ன காண்கிறாள் என்று. அவள் இரண்டு மதியம் மேஜையில் உட்கார்ந்து எழுதியது நான்கு சொல். 'எதிர்வீட்டு மாடியில் காய்ந்தது. வரைந்தேன்.' மகள் அதை வாங்கி நூற்றைம்பதாக நீட்டிக் கொடுத்தாள். அன்றாடத்தின் ஈரம், வெளிச்சத்தின் மௌனம் என்றெல்லாம் வந்தது.

"யாருடி இவ? பெரிய ஆளா இருக்காளே," என்றாள் அம்மா, படித்துவிட்டு.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைக் கேன்வாஸில் படம் ஆரம்பிக்கமாட்டாள். புது கேன்வாஸைப் பார்த்தால் கை எழாது. தோற்றுப்போன பழைய படம் ஒன்றை எடுப்பாள். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பாள். மங்கலான பழுப்பு ஒன்றை மேலே தடவுவாள். அடியில் ஏதோ கிடக்கிறது என்ற தைரியத்தில் அதன்மேல் தொடங்குவாள். "ஏற்கனவே கெட்டுப்போனதுதானே, இனி என்ன கெடும்" என்பது அவள் கணக்கு.

அதனால் வீட்டில் ஒரு விதி வைத்திருந்தாள். முடிந்த படம் முகம் காட்டி நிற்கும். முடியாததும் தோற்றதும் சுவரைப் பார்த்து நிற்கும். மகள் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு வருவாள். முகம் காட்டி நிற்பவற்றைப் புகைப்படம் எடுப்பாள், அளப்பாள், எண் போடுவாள், பதிவேட்டில் ஏற்றுவாள். பதிவேடு கேலரிக்குப் போகும். அங்கே அது விலைப்பட்டியல் ஆகும். அம்மா அதில் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பாள். தன் படங்களைத் தபால்தலை அளவில் பார்க்க அவளுக்குச் சகிக்காது.

ஒரு முதல் ஞாயிறு அவள் கடைக்குப் போயிருந்தாள். போவதற்கு முன், சுவரைப் பார்த்து நின்ற பெரிய படம் ஒன்றைத் திருப்பிவைத்தாள். ஐந்தடிக்கு நாலடி. முழுக்க ஒரே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, கொடியில். இடது ஓரம் கொடியிலிருந்து நழுவித் தரையைத் தொடும்படி தொங்கியது. அந்தத் தொங்கல் தப்பு. கொடியின் இழுவைக்கு விரிப்பு அப்படி விழாது. எவ்வளவு மோசம் என்று தூரத்திலிருந்து ஒருமுறை பார்க்கத்தான் திருப்பினாள். பார்த்தாள். மோசம்தான். பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மகள் தன் சாவியால் திறந்துகொண்டு வந்தாள். படம் முகம் காட்டி நின்றது. புகைப்படம் எடுத்தாள், அளந்தாள், நாற்பத்து நான்கு என்று எண் போட்டாள், 'வெள்ளை விரிப்பு' என்று பெயரும் வைத்தாள். அம்மா வருவதற்குள் ஆபீசிலிருந்து அவசரம் என்று போன் வந்தது. போய்விட்டாள்.

அம்மா திரும்பி வந்து படத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள். மறுநாள் உப்புத்தாள் எடுத்தாள்.

அந்தக் கேன்வாஸில்தான் படிக்கட்டு வந்தது.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படி திரும்பும் இடம். பகலிலும் எரியும் ஒரு பல்பு. சுவரில் ஏழு மின்சார மீட்டர் பெட்டிகள். இரும்புக் கைப்பிடி. அவ்வளவுதான். கடையிலிருந்து, கேலரியிலிருந்து, ஃபிரேம் கடையிலிருந்து வரும்போதெல்லாம் அவள் அங்கே பையை இறக்கிவைத்துவிட்டு நிற்பாள். மேலே போனால் ஈசல் ஒரு பக்கம் இழுக்கும், மேஜை ஒரு பக்கம் இழுக்கும். அங்கே நிற்கும் இரண்டு நிமிடம் எந்தப் பக்கமும் இல்லை. ஒன்பது வருடமாக நின்ற இடம். வரையலாம் என்று எட்டு மாதம் முன்புதான் தோன்றியது.

துணிக்கு நடுவே கிடைத்த காலைகளில் அதைச் செய்தாள். பழுப்பு, சாம்பல், கொஞ்சம் பச்சை. அடியில் இருந்த விரிப்பின் தடித்த வெள்ளையை முழுக்கத் தேய்க்க முடியவில்லை. அதன் மடிப்புகள் படிக்கட்டுச் சுவரில் மேடாகத் தெரிந்தன, பூச்சு உப்பிய பழைய சுவர் போல. அது அவளுக்குப் பிடித்திருந்தது. தானாக எது வந்தாலும் அவளுக்குப் பிடிக்கும்.

மகள் ஒரு ஞாயிறு அதன் முன் வெகுநேரம் நின்றாள்.

"நல்லா இருக்கா?"

"அந்த மூணாவது மீட்டர்லேருந்து வர்ற வயர் எங்கயும் போகலையே."

"போகணுமா?"

"போகலைன்னா அந்த வீட்ல கரண்ட் இல்ல."

அம்மா ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வயரைப் போட்டாள்.

கேலரிக்காரரிடம் வாய்விட்டே கேட்டிருந்தாள். அந்த வருடத்துக் கூட்டுக் கண்காட்சியில் துணி இல்லாத ஒரு படம் வைக்கலாமா என்று. அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணே ஒண்ணு குடுங்க, பாக்கலாம். ஆனா வண்டி இருபத்தொம்போதாம் தேதி கிளம்பிடும். அதுக்கப்புறம் சாமியே வந்தாலும் சுவத்துல இடமில்ல," என்றார். ஒன்றாம் தேதி கணக்குப் பார்த்தாள். கீழ்ப் படிகளும் பல்பின் வெளிச்சமும் பாக்கி. இருபது காலை வேண்டும். இருந்தது இருபத்தெட்டு. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக நேரம் மிச்சம் இருந்தது.

இரண்டாம் தேதி பத்து மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, நாப்பத்தி நாலு போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"வித்துடுச்சுக்கா. பல் டாக்டர் ஒருத்தர். புது கிளினிக். உள்ள நுழைஞ்சதும் எதிர்ச் சுவர் முழுக்க. பேஷண்ட் அதைப் பார்த்தா பயம் போயிடுமாம்."

அவளுக்கு நாற்பத்து நான்கு எது என்று தெரியவில்லை. அதைக் கேட்பது அசிங்கம். "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்று சொல்லிவைத்துவிட்டு, திரையை விலக்கி இந்தப் பக்கம் வந்து, பதிவேட்டைத் திறந்தாள்.

தபால்தலை அளவில் வெள்ளை விரிப்பு இருந்தது. இடது ஓரம் தொங்கியது.

அவள் திரும்பித் திரைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அதே கேன்வாஸ் ஈசலில் நின்றது, மேலே ஏழு மீட்டர் பெட்டியோடு.

மகள் அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து நேரே வந்தாள்.

"நீ ஏன்டி அதை எடுத்தே?"

"அது முகம் காட்டி நின்னுச்சு."

"அது தோத்துப்போன படம்."

"எனக்கு எப்படித் தெரியும்? உன் விதிதானே? நான் விதிப்படிதான் எடுத்தேன்."

"பாத்தா தெரிய வேணாமா?"

"அம்மா, எனக்கு நல்லா இருந்துச்சு."

அம்மாவுக்கு அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை.

"உண்மையைச் சொல்லிடு," என்றாள் மகள். "டிசைன் மாறிடுச்சு, வேற எடுத்துக்கங்கன்னு."

சொன்னார்கள். ஸ்பீக்கரில் போட்டு மகள்தான் பேசினாள். கேலரிக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"பாப்பா, டாக்டர் சம்சாரம் அந்தப் போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டு பெயிண்ட் கடைக்குப் போயிருக்காங்க. சுவத்துக்குக் கலர் அந்தப் படத்துலேருந்து எடுத்திருக்கு. நாற்காலித் துணி அதுலேருந்து எடுத்திருக்கு. தொறப்பு இருபத்தெட்டாம் தேதி. நான் இப்பப் போய் படம் இல்லைன்னா, என் பல்லைத்தான் பிடுங்குவாங்க."

பிறகு குரலைத் தணித்து, "அக்கா, மேல போட்டதைச் சுரண்டினா அடியில இருக்கறது வருமா?" என்றார்.

"வராது."

"அப்ப திரும்ப ஒண்ணு போட்டுருங்களேன். நீங்க போட்டதுதானே. உங்களுக்குத் தெரியாததா?"

அதுதான் பிடி. அவள் போட்டதுதான். தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஒன்பது வருடம் தன் படத்தைத் தாங்கியவர், மூலையில் தொங்கிய முதல் படத்தையும் விற்றுக்கொடுத்தவர். அவரை டாக்டர் முன்னால் தலைகுனிய வைக்க அவளால் முடியவில்லை. சரி என்றாள்.

அப்போது அவள் ஆயுளில் மிச்சம் இருந்தது பதினான்கு மாதம். யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் டாக்டர் வேறு படம் பார்த்திருப்பார்.

படிக்கட்டை இறக்கிச் சுவர் பக்கம் திருப்பினாள். அதே அளவில் தோற்ற படம் வேறு இல்லை. புதிதுதான் வாங்கவேண்டியிருந்தது. ஐந்தடிக்கு நாலடி வெள்ளை. அதைத் தூக்கிவந்த கடை ஆள் போன பிறகு, இரண்டு காலை அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் காலை டீ டிகாஷனை ஒரு துணியில் நனைத்து அதன்மேல் துடைத்தாள். கொஞ்சம் அழுக்கானது. ஆரம்பித்தாள்.

மகள் புகைப்படத்தை அதே அளவில் அச்சடித்து, அரையடிக்கு ஒரு கோடாகக் கட்டம் போட்டு ஒட்டிக்கொடுத்திருந்தாள். "கட்டம் கட்டமா போட்டா தப்பவே தப்பாது."

கட்டம் கட்டமாகப் போட்டாள். கோடு தப்பவில்லை. கோடு அவளுக்கு என்றுமே தப்பியதில்லை. சிக்கல் வேறு. அவள் பார்த்துப் பார்த்து வெறுத்த ஒவ்வொன்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. மேல் மடிப்பில் நிழல் ஊதாவாகப் போயிருந்தது, அன்றைக்கு அவசரத்தில். இப்போது அவசரம் இல்லாமல், நிதானமாக, அந்த அவசர ஊதாவைக் கலக்க வேண்டும். ஒரு இடத்தில் தூரிகை வழுக்கியிருந்தது. வழுக்காமல் வழுக்கியது போலப் போட வேண்டும். கை தானாகவே திருத்திவிடும். அழித்துவிட்டு மறுபடி கெடுப்பாள். பன்னிரண்டரைக்கு முதுகு விட்டுப்போகும்.

இதற்கு நடுவே பத்து மணிப் போன்கள் நிற்கவில்லை. கூட்டுக் கண்காட்சிக்குக் குறிப்பு வேண்டும், பெயர் எழுத்து சரிபார்க்க வேண்டும், வைக்கப்போகும் படத்தின் அளவும் தலைப்பும் வேண்டும். 'படி திரும்பும் இடம்' என்று மேஜையில் உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். நான்கடி தூரத்தில் அந்தப் படம் சுவரைப் பார்த்து நின்றது. அதைப் பற்றிக் கடிதம் எழுத நேரம் இருந்தது. அதைத் தொட நேரம் இல்லை.

பதினெட்டாம் தேதி கேலரிக்காரர் எட்டிப்பார்த்தார். விரிப்பு முக்கால் வாசி வந்திருந்தது. போனில் இருந்த புகைப்படத்தை விரலால் பெரிதாக்கி, படத்தைப் பார்த்து, மறுபடி போனைப் பார்த்தார்.

"அக்கா, இந்த ஓரத்துத் தொங்கல் இப்படி இல்லையே. அதுல தரையைத் தொடுது."

"தொடாது தம்பி. கொடி அந்த மாதிரி இழுத்தா துணி இப்படித்தான் நிக்கும். அது தப்பு."

"இருக்கலாம். டாக்டர் சம்சாரம் அதைத்தான் சொன்னாங்க. யாரோ அவசரமா உள்ள ஓடின மாதிரி இருக்குன்னு. அந்தத் தப்புதாங்க்கா அவங்களுக்குப் புடிச்சது."

அவர் போனதும் தொங்கலைத் துடைத்துவிட்டுத் தப்பாகப் போட்டாள். அதற்கு மூன்று காலை ஆனது. தன்னை அறியாமல் ஒருமுறை செய்த தப்பை அறிந்து செய்வது அவளுக்கு அந்த வயதில் புதுப் பாடம்.

இருபத்திரண்டாம் தேதி முடித்தாள். எண்ணெய் வண்ணம், அதிலும் தடித்த வெள்ளை. சீக்கிரம் காயவைக்கும் மருந்து ஒன்றைக் கலந்திருந்தும், தொட்டால் விரலில் ஒட்டியது. மகள் மின்விசிறி இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். கேலரிக்காரர் தினமும் போன் செய்து, "துணி இன்னும் காயலையா அக்கா?" என்று கேட்டார். முதல் நாள் சிரித்தாள்.

மீதி இருந்தது ஆறு காலை. படிக்கட்டைத் திருப்பி ஈசலில் ஏற்றினாள். பழுப்பைக் கலந்தாள். கை வெள்ளைக்குப் போனது. மூன்று வாரமாக மடிப்பு போட்ட கை, படியின் விளிம்பைக் கூட மடிப்பாகவே இழுத்தது. இரண்டு காலை அதிலேயே வீணானது. மூன்றாம் நாள் ஒன்பதரைக்குத் திரையை விலக்கிக்கொண்டு மேஜைக்கு வந்து, ஏற்கனவே அனுப்பிய கடிதங்களை அடுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. எழுந்து போய் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அதற்கு முன் ஒருநாளும் செய்யாதது அது. அன்று கீழ்ப் படிகள் வந்தன. அடுத்த நாள் பல்பு வந்தது. இருபது காலை கேட்ட படம் நாலு காலையில் நின்றது. முடிந்ததா என்று அவளைக் கேட்டால், நின்றுவிட்டது என்றுதான் சொல்வாள்.

இருபத்தேழாம் தேதி மதியம் கேலரிக்காரர் விரிப்பை எடுத்துப்போக ஆள்களோடு வந்தார். கட்டிக் கீழே அனுப்பிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டின் முன் நின்றார். அவர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர். ஆனால் படம் பார்க்கத் தெரிந்தவர். வெகுநேரம் பேசவில்லை.

"நல்லா இருக்குக்கா. நெஜமா சொல்றேன்."

"அப்படியா?"

"ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. இந்தக் கைப்பிடியில ஒரு துண்டு மட்டும் காயப்போடுங்க. சின்னதா. முதல் நாளே வித்துடலாம்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். "விளையாட்டுக்குச் சொல்லலக்கா," என்றார் படி இறங்கும்போது.

அவர் போன பிறகு மேஜையில் உட்கார்ந்தாள். மணி மூன்று. பார்சல் ரசீதை எடுத்தாள், வைத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் போனாள். இருபது நிமிடம் ஆனது. மங்கிய ரோஜா நிறத்தில் ஒரு துண்டு, பாதி நனைந்தது, கைப்பிடியில் மடிந்து தொங்கியது.

அது நன்றாக இருந்தது. அதுதான் அவளை உட்காரவைத்தது. மோசமாக இருந்திருந்தால் வேலை சுலபம். துண்டு வந்ததும் பழுப்பெல்லாம் விழித்துக்கொண்டது. பல்பின் மஞ்சள் போய் விழ ஓர் இடம் கிடைத்தது. படம் முழுதும் இதற்காகத்தான் காத்திருந்தது போல இருந்தது. இது தன் கண் சொல்வதா, ஒன்பது வருடம் வாங்கியவர்களின் கண் தனக்குள் இருந்து சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்று பார்த்தாள். கதவோரம் போய்ப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மகளுக்குப் போன் செய்தாள்.

"துண்டு போட்டா நல்லா இருக்கு. போடலைன்னா நான் நெனச்ச மாதிரி இருக்கு. எது வேணும்?"

"எதை நீ திரும்பத் திரும்பப் பார்ப்பே?"

"துண்டைத்தான் பார்ப்பேன்."

"அப்ப மீட்டர் பெட்டி?"

"சரி, வேலையைப் பாரு," என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணி. வண்டி பத்துக்கு. துணியில் டர்பன்டைனை நனைத்து, துண்டின் மேல் வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். ஈர வண்ணம் முழுக்க வந்துவிட்டது. கைப்பிடியின் இரும்பு திரும்பத் தெரிந்தது. சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. சரியாகச் செய்தோமா என்பது மட்டும் தெரியவில்லை. அது அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

கண்காட்சி முதல் நாள் சாயங்காலம். சின்ன ஹால், கூட்டம் நிறைய. சுவரில் இருபத்திரண்டு படம், இருபத்திரண்டு பேருடையது. அவளுடையது கழிப்பறைக்குப் போகும் வழியில், நல்ல வெளிச்சத்தில்தான், தொங்கியது. சுற்றி நின்றவர்கள் பழச்சாறு குடித்துக்கொண்டு பேசினார்கள். போகிறவர்கள் படத்தைப் பார்த்தபடியே போனார்கள். நிற்கவில்லை. அவள் அதன் பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்தவள் போலத் தோளில் கனத்த பை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இவளிடம் கேட்டாள்.

"இங்க துணிக்கொடி வரையறவங்க படம் இருக்குன்னாங்க. எதுன்னு தெரியுமா? ரெண்டு ரவுண்டு வந்துட்டேன், துணியையே காணோம்."

அவள் ஒரு விநாடி யோசித்தாள்.

"அவங்க இந்தத் தடவை குடுக்கலைன்னு நெனைக்கிறேன்," என்றாள்.

"ஐயோ. அதுக்காகத்தான் பஸ் மாறி வந்தேன்." அந்தப் பெண் கனத்த பையைத் தரையில் இறக்கினாள். இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே படிக்கட்டு இருந்தது. பார்த்தாள். போகவில்லை.

"எங்க வீட்லயும் இப்படி ஒரு இடம் உண்டு," என்றாள், கொஞ்ச நேரம் கழித்து. "நாலு மாடி. நடுவுல நின்னுக்குவேன். மேல புள்ளைங்க, கீழ ஆபீஸ் வண்டி. அங்க மட்டும் யாரும் கூப்பிட மாட்டாங்க."

"ம்."

"இது யார் போட்டதுங்க?"

அவள் வாயைத் திறந்தாள். பெயர்ச்சீட்டு அங்கேதான் இருந்தது, அந்தப் பெண் குனிந்தால் தெரிந்துவிடும். குனியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் அப்படியே, பக்கத்தில் பக்கத்தில், நின்றார்கள்.

ஹாலின் அந்தக் கோடியிலிருந்து கேலரிக்காரரின் குரல் கூட்டத்தின் தலைக்கு மேல் வந்தது.

"துணிக்கொடி அக்கா எங்க? அக்கா, இங்க வாங்க, டாக்டரும் சம்சாரமும் வந்திருக்காங்க. வீட்டுக்கும் ஒண்ணு வேணுமாம்."

அந்தப் பெண் திரும்பி இவளைப் பார்த்தாள். இவள் அவள் முகத்தைப் பார்க்காமல், "வந்துட்டேன் தம்பி," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தாள்.